மண்டி போடும் வண்டி

திருச்சி விமான நிலையத்தில் என் அட்டைப்பெட்டியைப் பிரித்த சுங்க அதிகாரி, உள்ளே இருந்த கறுப்பு ரப்பர் பைகளில் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார்.

“என்னம்மா இது, மேளமா?”

“வண்டிக்கு அடியில வைக்கிற காத்துப் பை, சார்.”

“ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்தா?”

“ஆமா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய பெண், நூல் சேலை, மூக்குக் கண்ணாடி, பெட்டி நிறைய ரப்பர். “வீட்டுக்காரர் மெக்கானிக்கா?” என்றார். “நான்தான் மெக்கானிக்” என்றேன். பயணக் களைப்பில் கொஞ்சம் கடுப்பாகவே சொல்லியிருக்க வேண்டும். பெட்டியை மூடி நகர்த்திவிட்டார்.

மலேசியாவின் ஈப்போவில் நானும் என் வீட்டுக்காரரும் பட்டறை நடத்துகிறோம். எஞ்சின், கியர் எல்லாம் அவர். காற்று சஸ்பென்ஷன் மட்டும் என் பொறுப்பு. அதற்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்குப் பொறுமை சுத்தமாகக் கிடையாது, பிடிவாதம் இருக்கிறது. பாதி வேலைக்கு அதுவே போதும்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் குமார். எங்கள் பட்டறைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையை நிர்வகிக்கிற, திருவாரூர்ப் பக்கத்துப் பையன். பையன் என்றால் நாற்பது வயது. அவனுக்கு ஊரில் ஒரு அக்கா, மங்கையர்க்கரசி. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் போய்விட்டது. ஊன்றுகோலை வைத்துக்கொண்டே குடும்ப நிலத்தைப் பயிர் செய்கிறவர். அவன் ஊரில் இருந்த காலத்தில், தஞ்சாவூரில் ஒரு அரிசி ஆலை முதலாளி தன் பழைய இங்கிலாந்து ஜீப்பை விற்றபோது, குமார் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறான். முதலாளி ஒரு பொத்தானை அழுத்தியதும் வண்டி கோயில் யானைபோல மெல்லத் தாழ்ந்து நின்றதாம். அந்த இடத்திலேயே வாங்கிவிட்டான்.

சாதாரண வண்டியில் சக்கரத்துக்கு மேலே சுருள் கம்பி இருக்கும். இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு காற்றுப் பைகள். காற்றை ஏற்றினால் வண்டி உயரும், மேடு பள்ளத்தில் அடி தட்டாமல் போகும். காற்றை விட்டால் தாழும், ஆள் சிரமமில்லாமல் ஏறலாம். பணக்காரர்கள் பந்தாவுக்கு வைத்திருக்கிற இந்த வசதி, மங்கைக்குக் காலாக இருந்திருக்கிறது. குமார் மலேசியாவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வண்டி மண்டி போட மறுத்துவிட்டது. பாதியில் நின்றுவிடுமாம். உள்ளூர் மெக்கானிக் காற்றுப் பைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுருள் கம்பி மாட்டிவிட்டார். வண்டி இப்போது எந்நேரமும் உயரத்தில் நிற்கிறது. மங்கை இரண்டு வருஷமாக அதில் ஏறவில்லை.

“திலகாக்கா, எங்கக்கா இந்த வருசம் நெலத்தைக் குத்தகைக்கு விட்டுடறேங்குது” என்றான் குமார், ஒரு நாள் பட்டறை வாசலில் வந்து நின்று. “விட்டுச்சுன்னா அப்பறம் வீட்டுக்குள்ளயே உக்காந்துடும். மேட்டூர்ல தண்ணி தொறந்தாச்சு. எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வர்றதுக்குள்ள வண்டிய மறுபடி மண்டி போட வச்சிருங்கக்கா.” சொல்லும்போதே அழுதுவிட்டான். ஆண்பிள்ளைகள் அழுதால் எனக்கு எரிச்சல் வரும், உடனே சரி என்று சொல்லிவிடுவேன்.

விமான நிலையத்துக்கு வெளியே, குமார் மலேசியா வந்தபிறகு அந்த ஜீப்பை ஓட்டுகிற டிரைவர் செல்வராசு ஒரு குட்டியானையோடு நின்றார். குட்டியானை என்றால் சின்ன சரக்கு வண்டி. என் பெட்டிகளுக்காக வாடகைக்குப் பிடித்திருந்தார். நான் கைப்பிடியைத் தொடுவதற்குள் மனிதர் முன்பக்கமாகச் சுற்றி ஓடிவந்து கதவைத் திறந்தார். தஞ்சாவூரில் இட்லி சாப்பிட நிறுத்தியபோதும் அதேதான். வண்டி நிற்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை, என் பக்கத்துக் கதவருகே நிற்கிறார்.

“எனக்குக் கை இருக்குங்க” என்றேன்.

“இருக்கட்டும்மா. நீங்க தொறந்துக்கிட்டு எறங்கினா எனக்கு என்னம்மா மரியாதை?”

அவருக்குத்தான் மரியாதையாம். எங்கள் ஊரில் டாக்சிக்காரர் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். கதவைப் படாரென்று சாத்தினால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்.

இட்லிக்குக் கடப்பா ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, சோம்பும் தேங்காயும் அரைத்துவிட்ட ஒரு குழம்பு. எத்தனையோ வருஷமாக எங்கள் ஊர்ச் சாம்பாரோடு மல்லுக்கட்டிய நாக்கு அன்றைக்கு ஓய்வெடுத்தது. காப்பியில் மட்டும் சர்க்கரையை வாரிக் கொட்டியிருந்தார்கள். சர்க்கரை வேண்டாம் என்றதற்கு, “சுகர் இருக்காம்மா? பரவால்லம்மா, கொஞ்சமாத்தான் போட்டிருக்கேன்” என்று கடைக்காரர் ஆறுதல் சொன்னார்.

தஞ்சாவூர் தாண்டியதும் சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. கோடை அறுவடை நெல்லைத் தாரில் பரப்பி, ஓரத்தில் கல் வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். பேருந்தும் லாரியும் மறு பாதியில் முறை வைத்துப் போயின. யாரும் யாரையும் திட்டவில்லை. எங்கள் ஊரில் சாலையில் ஒரு செருப்பு கிடந்தாலே புகார் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் வயல்கள் காய்ந்து, வெடித்து, வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. “தண்ணி கல்லணைக்கு வந்துடுச்சாம்மா” என்றார் செல்வராசு. அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

மங்கை வாசலில் ஊன்றுகோலோடு நின்று வரவேற்றார். ஒல்லியான உடம்பு, வெயில் பட்ட முகம், கூர்மையான கண். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருக்கலாம். “பசியாறிட்டீங்களா?” என்று நான் வழக்கம்போலக் கேட்டுவைத்தேன். அவர் சிரித்துவிட்டார். “அதை நான்ல உங்களைக் கேக்கணும்? வாங்கக்கா, உள்ள வாங்க.” குமாரின் மனைவி சித்ரா வாழைப்பூ வடையும் கெண்டை மீன் குழம்பும் செய்து வைத்திருந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இலையில் விழுந்துகொண்டே இருந்தது. இங்கே வேண்டாம் என்ற சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம்போல.

ஜீப் வீட்டுக்குப் பின்னால் நெல் அடிக்கிற களத்தில், ஒரு புங்கமரத்தடியில் நின்றது. அழகான வண்டி. ஆனால் நிற்கிற நிலை சரியில்லை, நுனிக்காலில் எக்கி நிற்கிறதுபோல இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், உட்காருகிற இடம் என் இடுப்புக்கு மேலே. ஒரு காலும் ஒரு கோலும் உள்ளவர் இதில் எப்படி ஏறுவார்?

அன்று சாயந்திரம் கேட்டுவிட்டேன். ஆட்டோவில் போகக்கூடாதா என்றேன்.

“தண்ணி பிரியற வாய்க்கால் தலைப்புக்குப் போற கரை முழுக்கப் பள்ளங்க” என்றார் மங்கை. “ஆட்டோ ஒருதடவை சாஞ்சே போச்சு. ஒசரமான வண்டிதான் போவும். ஒசரமான வண்டில நான் ஏற முடியாது. ரெண்டும் சேந்து இருந்தது இது ஒண்ணுதான்.”

“ஸ்பிரிங் போட்டப்புறம் யாராவது தூக்கி உட்கார வைக்கலையா?”

“ஒரு தடவை. செல்வராசுதான் தூக்குனாரு. தங்கமான மனுசன், தப்பே இல்ல. ஒரு கை முதுகுல, ஒரு கை முட்டிக்கு அடியில. வேற எப்படித் தூக்குறது? வாய்க்கால்ல எறக்குறப்ப ஊரு ஆம்பளைங்க அத்தனை பேரும் நின்னாங்க. எல்லாரும் மரியாதையா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அதுதாங்கக்கா தாங்கல.”

நான் போய் வண்டியின் டயரை ஒரு உதை உதைத்தேன்.

போகாத நிலத்துக்கு என்ன ஆகும் என்பதையும் அவரே சொன்னார். பக்கத்து வயல்காரர் ராமலிங்கம். தண்ணீர் வந்ததும் மங்கையின் மடையை மண்ணைப் போட்டு அடைத்துவிட்டுத் தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்வாராம். போன வருஷம் நாற்று விடவே தாமதமாகிவிட்டதாம், பாதிப் பயிர் பதர். “கேட்டா, பாக்க ஆளு வரல, நெலம் தரிசுன்னு நெனச்சுட்டேன் தங்கச்சிம்பாரு. சண்டைகூடப் போட முடியாது, அவ்வளவு மரியாதையாப் பேசுவாரு. தண்ணி வர்ற அன்னிக்கு நான் அங்க நிக்கணும். நிக்க முடியலன்னா இந்த வருசத்தோட விட்டுடறேன்.”

மறுநாள் வேலை தொடங்கியது. சுருள் கம்பி மாட்டிய மெக்கானிக் பாபுவே உதவிக்கு வந்தார். வந்தவுடன் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். எதற்காகக் கழற்றினீர்கள், பையில் ஓட்டை இருந்ததா, பார்த்தீர்களா? பாவம், அவர் பழைய பாகங்களை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி நெல் கிடங்கில் பத்திரமாக வைத்திருந்தார். அந்த நேர்மைக்காகத் திட்டுவதைப் பாதியில் நிறுத்தினேன். சாக்கைக் கொட்டினால், மூன்று பைகளை எலி கடித்துக் குதறியிருந்தது. நான்காவது முழுசாக இருந்தது. காற்றடித்துச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

“இது நல்லா இருக்கே, பாபு.”

“எனக்கும் அதாங்க புரியல. என் பட்டறைல நல்லாத்தான் எறங்கும். வீட்டுக்குப் போனா பாதில நின்னுடும். சரி, காத்தை நம்பி எதுக்கு வண்டி ஓட்டணும்னு ஸ்பிரிங்கைப் போட்டுட்டேன்.”

ஊரே அவர் கட்சிதான். வேலையை வேடிக்கை பார்க்க வந்த ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். மழை வெள்ளத்தில் இந்த உயரத்தால்தான் ஒரு பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம் என்றார் ஒருவர். காற்று ஏற்றினால் இதைவிட உயரும் என்றேன், நம்பவில்லை. ராமலிங்கமும் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கும்பிட்ட கை இறங்கவே இல்லை. “மலேசியாலேர்ந்து தங்கச்சிக்காக வந்திருக்கீங்க, ரொம்பப் பெரிய மனசும்மா உங்களுக்கு” என்றார். மடையை அடைக்கிறவர் என்று தெரியாமல் இருந்தால் எனக்கு அவரைப் பிடித்திருக்கும். தெரிந்தும்கூடக் கொஞ்சம் பிடித்துத் தொலைத்தது, அதுதான் எரிச்சல்.

காற்றுக் குழாயையும் எலி விட்டுவைக்கவில்லை. அதே அளவுக் குழாயும் பித்தளை இணைப்புகளும் வாங்க, பாபுவும் நானும் தஞ்சாவூருக்குப் பேருந்தில் போனோம். ஆம்னி பஸ்களில் காற்றுப் பை இருப்பதால் அதன் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் என்று பாபு சொன்னது சரியாக இருந்தது. திரும்பும்போதுதான் பேருந்து பழுதாகி வழியில் நின்றது. எங்கள் ஊராக இருந்தால் ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தனியாக நின்றிருப்போம். இங்கே இறங்கி மரத்தடியில் உட்கார்ந்து அரை மணிக்குள் ஒருவருக்கொருவர் உறவாகிவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பெரிய பாலம் தாண்டிடுச்சாம்டி.”

“எங்கூருக்கு நாளன்னிக்குத்தான் வரும். கடைசில இருக்கிறவங்களுக்கு என்னிக்குத்தான் சீக்கிரம் வந்துச்சு?”

ஏதோ மாப்பிள்ளை ஊர்வலம் எதுவரை வந்தது என்று பேசுவதுபோல ஒரு பரபரப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. மடியில் இருந்த குழாய்ச் சுருளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தத் தண்ணீர் கொஞ்சம் மெதுவாக வந்தால் என்ன என்று மனசுக்குள் திட்டினேன். காய்ந்த வயலுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்தது அந்த இரண்டு பெண்களுக்குத் தெரிந்திருந்தால் என்னை அடித்தே இருப்பார்கள்.

அடுத்த நாள் மதியத்துக்குள் எல்லாம் பூட்டியாயிற்று. சுருள் கம்பிகள் களத்து ஓரத்தில் கிடந்தன. புதுப் பைகள், புதுக் குழாய், காற்றடிக்கிற புது கம்ப்ரெசர். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், கசிவே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்ததால் வண்டிக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். வண்டி எழுந்தது. களத்தில் நின்றவர்கள் “அடேங்கப்பா!” என்றார்கள். தாழ்த்துகிற பொத்தானை அழுத்தினேன். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் மெல்ல அமர்ந்து, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்தது. சித்ரா கை தட்டினாள். பாபு என்னைக் கும்பிட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

“கூப்பிடுங்க மங்கையை” என்றேன்.

அவர் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டார். வண்டியை மறுபடி உயர்த்தி, செல்வராசுவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, நான் பின் சக்கரத்தருகே குந்தி, பையில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அழுத்துங்க!” என்றேன். புஸ்ஸென்றது. தாழ்ந்தது. பாதியில் நின்றுவிட்டது.

“அலாமாக்!” என்று கத்தினேன். எங்கள் ஊரில் தலையில் கை வைக்கும்போது அப்படித்தான் கத்துவோம்.

எல்லா இணைப்பையும் மறுபடி பார்த்தேன். ஒன்றுமில்லை. நானே உள்ளே உட்கார்ந்து அழுத்தினால் முழுக்கத் தாழ்ந்தது. மங்கை வந்து நின்றார், செல்வராசு அழுத்தினார், நான் இந்த முறை முன் சக்கரத்தருகே காதை வைத்துக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றது. இன்னொரு முறை. இன்னொரு முறையும். கோபத்தில் ஒரு ஸ்பானரைத் தூக்கிப் புங்கமரத்தில் அடித்தேன்.

கூட்டத்தில் முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது. ராமலிங்கத்தின் குரல்தான் தெளிவாகக் கேட்டது. கெட்ட எண்ணத்தில் சொன்னதாகவும் தெரியவில்லை, வருத்தமாகவே சொன்னார். “மலேசியாம்மா ஒக்காந்தா எறங்குது. தங்கச்சி கிட்ட வந்தா நின்னுடுது. என்ன ராசியோ, பாவம்.”

மங்கைக்குக் கேட்டுவிட்டது. “ரெண்டு வருசம் முன்னாடியும் இதேதாங்கக்கா” என்றார் என்னிடம். “என்னைக் கண்டா அதுக்குப் பிடிக்கல. விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?” கோலை ஊன்றித் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனையை எழுத்தில் கொண்டுவர முடியாது. காற்றுக்கு ராசி தெரியுமா? ரப்பருக்குக் கால் இருக்கிறவள் இல்லாதவள் என்று தெரியுமா? ஆனால் எனக்கும் பதில் தெரியவில்லையே!

அந்நேரம் பார்த்து ஒருவர் சைக்கிளில் வந்து, தண்ணீர் வாய்க்காலுக்குப் பிரிகிற இடத்துக்கு வந்துவிட்டதாம் என்றார். கூட்டம் கலைந்து கரைப் பக்கம் ஓடியது. ராமலிங்கமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

குமாரைக் கைப்பேசியில் அழைத்தேன். திட்டுவதற்கு யாராவது வேண்டுமல்லவா. “உன் வண்டி என் மானத்தை வாங்குது” என்றேன். படத்தோடு காட்டுங்கள் என்றான். சரியென்று களத்து மூலையில் தள்ளி நின்று கைப்பேசியைப் பிடித்தேன். சித்ராவை மங்கை நிற்கிற இடத்தில் நிற்கச் சொல்லி, செல்வராசுவை அழுத்தச் சொன்னேன். புஸ்ஸென்றது. பாதியில் நின்றது.

“செல்வராசண்ணன் எதுக்கு எறங்கி ஓடுறாரு?” என்றான் குமார்.

“கதவு திறக்கத்தான். மரியாதையாம்.”

“நான் எங்கக்காவுக்கு ஒரு நாளும் கதவு தொறந்ததில்லக்கா. உள்ள உக்காந்துக்கிட்டே ‘வா, ஏறு’ம்பேன். அதுக்கே எங்கம்மாகிட்ட எவ்வளவு திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா?”

நான் கைப்பேசியைக் கீழே போடாதது என் அதிர்ஷ்டம். இந்த வண்டியில் எந்தக் கதவு திறந்தாலும் காற்று அந்த நிமிஷமே நின்றுவிடும். இறங்குகிறவர் காலில் வண்டி உட்கார்ந்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த வேலையில் தொடக்கப் பாடம் இது. ஆனால் ஈப்போவில் எனக்கு அது ஞாபகத்துக்கு வரவேண்டிய தேவையே வந்ததில்லை. அங்கே யாரும் யாருக்கும் கதவு திறப்பதில்லை. பொத்தானை அழுத்திய கையோடு செல்வராசு மரியாதையோடு குதித்து ஓடுகிறார், தன் கதவைத் திறக்கிறார், சுற்றி வந்து மங்கையின் கதவைத் திறக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இன்றைக்கும் அந்த வண்டியைப் பாதியில் நிறுத்தியது வேறு எதுவுமில்லை.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்குள் ஓடிப்போய் மங்கையின் கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு என் முகத்தையே பார்த்தார். “அப்ப என்னாலயில்லையா?” என்றார்.

“உங்களால இல்லம்மா. உங்களுக்கு உதவி பண்றவங்களால.”

செல்வராசுதான் உடைந்துவிட்டார். “நானாம்மா? நான்தானா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அழுவதற்கு நேரமில்லை என்று அதட்டி, ஓட்டுநர் இருக்கையில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன். “பொத்தானை அழுத்திட்டு சும்மா உட்காருங்க. அசையக்கூடாது.”

“அந்தம்மா நிக்கிறப்ப நான் எப்படிம்மா சும்மா உக்காந்திருக்கிறது?”

“கஷ்டமாத்தான் இருக்கும். உட்காருங்க.”

ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சித்ரா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பாபு ரெண்டடி பின்னால் நகர்ந்தார். வண்டி பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது, தாழ்ந்துகொண்டே போனது, முழுக்கத் தாழ்ந்து நின்றது. அதன்பிறகும் யாரும் அசையவில்லை. மங்கை கோலை இடது கையில் மாற்றிக்கொண்டு, தானே கதவைத் திறந்து, இருக்கையில் உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார். உதவிக்கு ஓடாமல் நிற்பது எவ்வளவு கடினமான வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கையே இரண்டு முறை முன்னால் போய்விட்டது.

சித்ரா ஒரு தட்டில் விதை நெல்லும் பூவும் எடுத்து வந்து ஜன்னல் வழியாக மங்கையின் மடியில் வைத்தாள். நாங்கள் பின்னால் ஏறிக்கொண்டோம். செல்வராசு வண்டியை உயர்த்தினார். கரைப் பாதை மங்கை சொன்னதைவிட மோசம், ஒரு பள்ளத்தில் ஆட்டோ என்ன, குட்டியானையே படுத்துவிடும். ஜீப் தூளிபோல ஆடிக்கொண்டே போனது. மங்கை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வயலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இது யாருடையது, இதில் உழவு சரியில்லை, இந்த வரப்பை யார் இப்படி வெட்டினார்கள்? இரண்டு வருஷக் கேள்விகள் ஒன்றாக வந்தன. செல்வராசு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

வாய்க்கால் தலைப்பில் ஊர் கூடியிருந்தது. தண்ணீர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. நான் பெரிய வெள்ளத்தை எதிர்பார்த்தேன். வந்தது முழங்கால்கூட இல்லாத, நுரையும் சருகும் செருப்பும் தள்ளிக்கொண்டு வருகிற செம்மண் தண்ணீர். காய்ந்த மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. பெரிய ஆம்பளைகள் எல்லாம் பிள்ளைகள்போல அதற்கு முன்னால் நடந்து வந்தார்கள்.

வண்டி நின்றதும் கூட்டம் திரும்பியது. முதலில் ஓடிவந்தவர் ராமலிங்கம். “வா தங்கச்சி, வா வா” என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

“அண்ணே, கையை எடுங்க.”

அவருக்குப் புரியவில்லை. “நான் தொறக்கிறேன் தங்கச்சி...”

“எடுங்கண்ணே. எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. யாரும் திரும்பிக்க வேணாம், பாக்கலாம்.”

எடுத்துவிட்டார். செல்வராசு பொத்தானை அழுத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்களும் பின்னால் கதவைத் தொடாமல் இருந்தோம். ஊர் முழுக்கப் பார்க்க, அந்தப் பெரிய வண்டி மெல்ல மெல்ல மண்டி போட்டது. மங்கை கதவைத் திறந்தார். கோல் முதலில் தரையைத் தொட்டது, பிறகு கால். எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டார். ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. யாரோ ஒரு பெண் குலவை போட்டாள்.

கரையோரம் போய் நெல்லையும் பூவையும் தண்ணீரில் தூவினார். தட்டு காலியாகும்வரை தூவினார். அவர் அழுகிறாரா என்று பார்த்தேன், இல்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

ராமலிங்கம் கொஞ்சம் தயங்கிப் பக்கத்தில் வந்தார். “நீ வருவேன்னு நான் நெனைக்கவே இல்ல தங்கச்சி. ரொம்ப சந்தோசம். ஆனா கதவைக்கூடத் தொறக்க விடமாட்டேன்னுட்டியே” என்றார், உண்மையாகவே மனம் நொந்து.

மங்கை தன் வயல் பக்கம் பார்த்தார். அங்கே மடையின் வாயில் புதுசாக வெட்டிப் போட்ட மண் ஈரமாக இருந்தது.

“கதவை நான் தொறந்துக்கிட்டேண்ணே” என்றார். “நீங்க போயி என் மடையத் தொறங்க.”

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.